மலையகத்திலிருந்து கடற்பாறைக்கு: கொட்டலசு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலையகப் பாடசாலைச் சுற்றுலா திருகோணமலைக்குப் போனால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளியில் குளியல், திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸுக்குள் பைலா. காலிக்குப் போனால் கோட்டை மதிலில் நின்று படம். இரண்டு இடத்திலும் அலை அடிக்கும் பாறைகளில் சாம்பலும் வெள்ளையுமாகச் சொரசொரப்பாக ஒன்று அப்பிக் கிடக்கும். காலைக் கிழித்தால் மட்டும்தான் அதை யாரும் கவனிப்பார்கள். கல்லில் ஒட்டிய சுண்ணாம்பு என்றோ ஏதோ சிப்பி என்றோ நினைத்துக் கடந்து போவார்கள்.

அதுதான் கொட்டலசு. ஆங்கிலவழியில் படித்தவர்கள் பார்னக்கிள் என்பார்கள். அது சிப்பி இல்லை, நண்டுக்கும் இறாலுக்கும் சொந்தம். ஒரு கொட்டலசு பாறையில் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கண்ணால் பார்த்தே கண்டுபிடிக்கலாம். உயரத்தை வைத்து ஒன்றைப் புரிந்துகொள்வது நமக்குப் புதிதல்ல. 600 மீற்றருக்குக் கீழே விளைந்தால் ஒரு தேயிலை, 1200 மீற்றருக்கு மேலே விளைந்தால் வேறு தேயிலை என்று தரம் பிரிக்கிற மண்ணில் பிறந்தவர்கள் நாம். கடற்பாறையில் அதே கணக்கு ஒரு முழ உயரத்துக்குள் நடக்கிறது.

படி 1: போகுமுன் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கொட்டலசின் வாழ்க்கை இரண்டு பாதி. முதல் பாதியில் அது கடலில் மிதந்து திரியும். தாயின் ஓட்டுக்குள்ளேயே பொரித்து வெளியேறும் குடம்பிக்கு நோப்ளியஸ் என்று பெயர். ஒற்றைக் கண், மூன்று சோடி அவயவங்கள், தலையின் இரு முன்மூலைகளிலும் சிறு கொம்புகள். அந்தக் கொம்புகள் இருந்தால் அது கொட்டலசின் பிள்ளைதான். ஆறு நோப்ளியஸ் பருவங்களைத் தோலுரித்துத் தாண்டியபின் சிப்பிரிட் என்ற கடைசிக் குடம்பியாக மாறும். சிப்பிரிட்டுக்குச் சாப்பாடு கிடையாது. உடம்பில் சேமித்த கொழுப்புத் தீருவதற்குள் அது ஓர் இடம் பிடித்தாக வேண்டும்.

இடம் பிடிக்கும் விதம்தான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. சிப்பிரிட் தன் உணர்கொம்புகள் இரண்டையும் கால்போல ஊன்றிப் பாறையில் நடக்கும். சொரசொரப்பைப் பார்க்கும், பள்ளம் தேடும், ஏற்கனவே அங்கே தன் இனத்தார் இருக்கிறார்களா என்று அவர்களின் ஓட்டிலுள்ள புரதத்தை வைத்து அறியும். பிடிக்காவிட்டால் விட்டுவிட்டு நீந்திப் போகும். பிடித்துவிட்டால் தலைப்பக்கத்திலிருந்து பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு அதனால் இடம் மாற முடியாது. நீரின் அடியிலேயே இறுகும் அந்தப் பசையைப் போல ஒன்றைச் செய்ய விஞ்ஞானிகள் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

ஒட்டியபின் சுற்றிலும் கல்சியம் காபனேற்றுத் தகடுகளை எழுப்பி, உள்ளே தலைகீழாகக் கிடந்து, இறகு போன்ற ஆறு சோடிக் கால்களை மேல் வாசலால் வெளியே நீட்டி, தண்ணீரில் வரும் நுண்ணுயிர்களை வாரி வாய்க்குள் போடும். நீர் வடிந்ததும் வாசலிலுள்ள கதவுத் தகடுகளை மூடிக்கொள்ளும்.

ஓட்டைப் பார்த்துவிட்டு நத்தை, சிப்பி வகை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். உயிரினங்களை வகைப்படுத்திய லின்னேயஸும் அப்படித்தான் வைத்தார். அயர்லாந்தின் கோர்க் நகரில் இருந்த இராணுவ வைத்தியர் ஜோன் வோகன் தொம்சன், கடலில் பிடித்த குடம்பி கொட்டலசாக மாறுவதைக் கண்டு 1830இல் வெளியிட்டபின்தான் அது நண்டு, இறால் போன்ற ஓட்டுடலி என்பது தெளிவானது. அடுத்து வந்தவர் சார்ள்ஸ் டார்வின். 1835இல் சிலியின் கரையில், ஒரு கடல்நத்தை ஓட்டைத் துளைத்துக் குடியிருந்த விசித்திரமான சிறு கொட்டலசைக் கண்டார். ஊர் திரும்பி, 1846இல் அதை விவரிக்க உட்கார்ந்தவர், உலகின் கொட்டலசுகள் எல்லாவற்றையும் ஆராய்ந்து 1854இல்தான் எழுந்தார். எட்டு வருடம். கூர்ப்புக் கொள்கையை எழுதி உலகைப் புரட்டியது அதற்குப் பிறகு.

இன்னொன்று. வகுப்பில் இதைச் சொன்னால் பின்வரிசை சிரிக்கும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். பாறையில் வாழும் கொட்டலசுகளில் பெரும்பாலானவை ஆணும் பெண்ணும் ஒன்றான இருபாலிகள். இருந்தும் பக்கத்திலிருப்பதோடுதான் கூடும். நகர முடியாத விலங்கு எப்படிக் கூடும்? உடலின் நீளத்தைப் போலப் பல மடங்கு, சிலவற்றில் எட்டு மடங்குவரை, நீளக்கூடிய ஆண்குறியால். உடலளவோடு ஒப்பிட்டால் விலங்குலகிலேயே நீளமானது அதுதான். தனியாக ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால் சந்ததி கிடையாது என்பதால்தான் சிப்பிரிட் தன் இனத்தாரைத் தேடுகிறது. கூட்டம் கூட்டமாக அவற்றைப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

படி 2: ஊர்ப் பாறையில் பழகுங்கள்

மலையகத்தில் ஒரு கொட்டலசும் கிடையாது. அது உப்புநீரின் பிராணி, மிஞ்சிப்போனால் ஆற்றுமுகத்துக் கலப்புநீர்வரை வரும். ஆனால் பார்க்கும் பழக்கத்தை இங்கேயே வளர்க்கலாம்.

தேயிலை மலைக்கு நடுவே நிற்கும் பெரிய பாறை ஒன்றைத் தெரிவுசெய்யுங்கள். வெயில் படும் பக்கத்தையும் நிழல் பக்கத்தையும் பாருங்கள். சாம்பலும் மஞ்சளுமாகக் கல்லோடு ஒட்டிய லைக்கன் எங்கே, பாசி எங்கே, எந்த உயரத்தில் ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது? 10 சென்ரிமீற்றர் பக்கமுள்ள சதுரமாகக் கம்பியை வளைத்து, பாறையில் வைத்து, உள்ளே எது எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று எழுதுங்கள். ஒரு பின்னேரம் போதும்.

ஓடைக்கும் போங்கள். வேகமாக நீர் வழியும் கற்களில் கறுப்பு ஈயின் சிறு குடம்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். பின்முனையால் கல்லைப் பிடித்து, தலையிலுள்ள விசிறிகளால் நீரில் வருவதை வடித்துத் தின்னும். கொட்டலசுக்கு அது உறவில்லை. ஓடும் நீரில் அசையாமல் இருந்து உண்ணும் முறையை இரண்டும் தனித்தனியே கண்டுகொண்டன.

படி 3: நாளைக் குறியுங்கள்

பெரும்பாலான பயணங்கள் பிழைப்பது இங்கேதான். கடல் கொந்தளிக்கும் மாதத்தில் போனால் பாறைக்குக் கிட்டவும் போக முடியாது. நல்ல வேளையாக, எந்தக் கரை எப்போது அமைதி என்பதை நம் மழையே சொல்லிவிடும்.

மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் விடாமல் சாரல் அடிக்கும் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றின் காலம். அதே காற்றுத்தான் காலி, ஹிக்கடுவை, மாத்தறைக் கரைகளில் அலையை எழுப்புகிறது. அப்போது மலையின் மறுபக்கம் காய்ந்து கிடக்கும், கிழக்குக் கடலும் அடங்கியிருக்கும். எனவே ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலை. பதுளை, பசறைப் பக்கம் கொட்டித் தீர்க்கும் டிசம்பர், ஜனவரியில் வாடைக்காற்று திருகோணமலைக் கடலைக் குமுற வைக்கும். அப்போது தெற்கும் மேற்கும் நல்லது. சுருக்கமாக, ஹட்டனில் மழை என்றால் கிழக்கே போங்கள், பதுளையில் மழை என்றால் தெற்கே போங்கள்.

அடுத்தது வற்றும் பெருக்கும். கடல் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வற்றிப் பெருகும். அதனால் வற்று ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் பிந்தும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்று மிக ஆழமாகும், உச்சம் ஓரிரு நாள் பிந்தி வரும். பௌர்ணமி என்றால் போயா, அரசாங்க விடுமுறை. கொட்டலசு பார்ப்பவர்களுக்கென்றே நாட்காட்டி போட்டதுபோல இருக்கிறது. கரையில் சனம் நிறையும் என்பது மட்டும்தான் தொல்லை. போயா வெள்ளிக்கிழமை வந்தால் சனிக்கிழமை போங்கள். போகும் ஊருக்கான வற்று நேரத்தை இணையத்தில் பார்த்து, அதற்கு ஒன்றரை மணி முன்னதாகப் பாறையில் நில்லுங்கள்.

ஒன்றை எதிர்பார்க்க வேண்டாம். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே 16 மீற்றர்வரை வித்தியாசம் வரும். இலங்கையைச் சுற்றி அது முக்கால் மீற்றரைத் தாண்டாது. நம் கரைகளில் உயிர்கள் வாழும் அடுக்குகள் ஒடுங்கியவை, குனிந்து பார்த்தால்தான் தெரியும். அலைத்தெறிப்பு எவ்வளவு உயரம் போகிறது என்பது இங்கே வற்றைவிடப் பெரிய விஷயம்.

படி 4: பையில் என்ன

பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை ஒன்று கட்டாயம். பழகிய கம்பிச் சதுரம், அடிமட்டம், பென்சில், தடித்த அட்டைக் கொப்பி. மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் ஒன்று கிடைத்தால் உயரம் அளக்க அதைவிட நல்ல கருவி இல்லை. வாய் அகன்ற கண்ணாடிப் போத்தல், பிளாஸ்டர், கிருமிநாசினி, நிறையக் குடிநீர். காலில் இறப்பர் அடியுள்ள பழைய சப்பாத்து. செருப்போடு போகிறவர்களைக் கரையிலேயே நிறுத்திவிடுங்கள்.

படி 5: பாறையில் இறங்குமுன்

நம் பிள்ளைகள் வழுக்கும் மலைச்சரிவில் ஓடப் பழகியவர்கள், அதனால் கடற்பாறையிலும் துணிந்து இறங்குவார்கள். சரிவு அசையாது, கடல் அசையும். முதலில் பத்து நிமிடம் மேலே நின்று அலையைப் பாருங்கள். இடையிடையே வரும் பெரிய அலை எவ்வளவு உயரம் நனைக்கிறது என்று குறித்து, அந்தக் கோட்டுக்குக் கீழே தனியாக யாரையும் விடாதீர்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் செங்குத்துப் பக்கம் பார்ப்பதற்கு மட்டும், இறங்குவதற்கல்ல. விரிகுடாவின் உட்பக்கத்துக் கற்களும், இறங்குதுறைத் தூண்களும், அலைதடுப்புக் கற்களும் போதும்.

கூம்பு வடிவத்தில் அழகிய கோலம் போட்ட நத்தை கண்ணில் பட்டால் தொடவேண்டாம். கூம்பு நத்தை விஷ ஈட்டி எறியும், சில இனங்கள் ஆளைக் கொல்லும். கொட்டலசு கிழித்த காயம் சிறிதென்றாலும் சீழ் பிடிக்கும். உடனே நன்னீரால் கழுவி மருந்து போடுங்கள். புறாத்தீவும் ஹிக்கடுவைப் பவளப் பகுதியும் தேசிய பூங்காக்கள், அங்கிருந்து எதையும் எடுக்கக்கூடாது.

படி 6: மேலிருந்து கீழே வாசியுங்கள்

எல்லாரும் நீரோரத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் மேலே, காய்ந்த பாறையில் தொடங்குங்கள்.

தெறிப்பு மட்டுமே எட்டும் உயரத்தில் பயறளவு நத்தைகள் வெடிப்புகளில் ஒண்டியிருக்கும். ஆள் நிழல் கண்டதும் பாறை முழுக்கச் சிதறி ஓடுவது கடற்கரப்பான் போன்ற லிஜியா. அதற்குக் கீழே கல் திடீரென்று மணல்தாளாகச் சொரசொரக்கும். கைவில்லையை வைத்தால் ஒவ்வொரு சொரசொரப்பும் ஒரு தட்டையான சிறு கொட்டலசு, பெரும்பாலும் ஒரு சென்ரிமீற்றருக்கும் குறைவு. இவை க்தமாலஸ் இனத்தார், வெயிலில் காய்வதைத் தாங்குவதில் சூரர்கள். இன்னும் கீழே, அலை நேராக அடிக்கும் இடத்தில், எரிமலை வடிவில் தடித்த பெரியவை நிற்கும். டெட்ராகிளிட்டா என்ற இந்த வகை இந்து சமுத்திரத்தின் வெப்பக் கரைகளில் பரவலானது, அடி சில சென்ரிமீற்றர் அகலம் வரும். அதே மட்டத்தில் பாறைச் சிப்பியும், அதற்குக் கீழே கடற்பாசியும் இடத்தைப் பிடித்திருக்கும்.

ஒவ்வொரு கூட்டத்தின் மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் வற்று நீர்மட்டத்திலிருந்து அளந்து எழுதுங்கள். பிறகு அதே பாறையின் மறைவான பக்கத்துக்குப் போய் மறுபடி அளந்து பாருங்கள். அலை மோதும் பக்கத்தில் எல்லைகள் மேலே ஏறியிருக்கும், மறைவில் இறங்கியிருக்கும்.

கோடு எந்தப் பாறையிலும் நேராகப் போகாது. வெடிப்பு, நிழல், நீர் தேங்கும் குழி என்று ஒவ்வொன்றும் அதை வளைக்கும். வளைவு கண்ட இடத்தில் நின்று ஏன் என்று கேட்பது எண்ணிக்கையைவிட முக்கியம்.

படி 7: தகடுகளை எண்ணுங்கள்

இனம் பிரிக்க முதல் வழி சுவர்த் தகடுகளின் எண்ணிக்கை. நான்கு என்றால் டெட்ராகிளிட்டா. ஆறு என்றால் க்தமாலஸாகவோ அம்ஃபிபலானஸாகவோ இருக்கலாம். வெள்ளை ஓட்டில் ஊதா வரிகள் நிலைக்குத்தாக ஓடினால், அதிலும் துறைமுகத் தூணிலோ படகின் அடியிலோ இருந்தால், பெரும்பாலும் அம்ஃபிபலானஸ் அம்ஃபிட்ரைட். பழைய ஓடுகள் தேய்ந்து பொருத்துகள் தெரியாமல் போகும். எனவே இளையவற்றைத் தேடி எண்ணுங்கள்.

நடு வாசலையும் பாருங்கள். கதவுத் தகடுகள் மூடியிருந்தால் உயிருண்டு. வெறும் குழி என்றால் செத்தது. அதற்குள் சிறு நத்தை ஏதாவது குடியேறியிருக்கும். தகட்டில் நேர்த்தியான சிறு துளை இருந்தால் கொன்றது துளையிடும் நத்தை. கொலையாளி பெரும்பாலும் பக்கத்து வெடிப்பிலேயே இருப்பார்.

படி 8: சாப்பிடுவதைப் பாருங்கள்

பாறையிலிருந்து பெயர்க்கக்கூடாது, பெயர்த்தால் செத்துவிடும். ஏற்கனவே கொட்டலசு ஒட்டிய கையளவு கல்லோ சிப்பியோ போத்தலோ கரையில் கிடைக்கும். கண்ணாடிப் போத்தலில் புதிய கடல்நீர் நிரப்பி அதை உள்ளே வைத்து, நிழலில் அசையாமல் விடுங்கள். சில நிமிடத்தில் கதவு விரியும், இறகுக் கால்கள் வெளியே வந்து விரிந்து, சுருண்டு, உள்ளே போகும். மறுபடி, மறுபடி. கதவு திறக்கும் கணத்தில் பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாரும் வாயை மூடுவார்கள்.

இப்போது கையின் நிழல் படும்படி மெல்லக் கடத்துங்கள். பட்டென்று மூடிக்கொள்ளும். வளர்ந்த கொட்டலசின் எளிய கண்களுக்கு உருவம் தெரியாது, ஒளி குறைவது தெரியும். மேலே நிழல் என்றால் மீன் என்று எடுத்துக்கொள்ளும். நீரில் கண்ணாடி போன்ற காலுறைகள் மிதந்தால் அது பிணமல்ல, கால்களின் மேல்தோலை உரித்துப் போட்டிருக்கிறது. ஓட்டை உரிக்காது, ஓட்டின் தகடுகள் விளிம்பில் வளர்ந்துகொண்டே போகும். பார்த்து முடிந்ததும் எடுத்த இடத்திலேயே, இருந்தபடியே திரும்ப வையுங்கள்.

படி 9: எண்ணி, காரணம் தேடுங்கள்

மேலிருந்து கீழே ஒரு கயிற்றைப் பிடித்து, அதையொட்டி ஒரே இடைவெளியில் கம்பிச் சதுரத்தை வையுங்கள். உயிருள்ளவை, செத்தவை, வகை, உயரம். நெரிசலாக இருந்தால் அடிமட்டத்தோடு சேர்த்துப் போட்டோ எடுத்து, தங்குமிடத்தில் ஆறுதலாக எண்ணலாம். உங்களுக்குப் பிடித்த இடத்தில் சதுரத்தை வைக்காதீர்கள். கொட்டலசு நிறைந்த இடத்தில்தான் கை தானாகப் போகும், இல்லாத இடமும் தரவுதான்.

காரணம் தேடும்போது 1961இல் வெளிவந்த ஓர் ஆய்வு கைகொடுக்கும். ஜோசப் கொனெல் என்ற அமெரிக்கர், ஸ்கொட்லாந்தின் மில்போர்ட் கரையில், மேலே க்தமாலஸும் கீழே பலானஸ் என்ற இன்னொரு கொட்டலசும் ஏன் வாழ்கின்றன என்று கேட்டார். க்தமாலஸுக்குக் கீழே வாழ முடியாதா? சில இடங்களில் பலானஸை மட்டும் அகற்றிப் பார்த்தார். க்தமாலஸ் கீழேயும் நன்றாகவே வாழ்ந்தது. வேகமாக வளரும் பலானஸ் அதன்மேல் ஏறி மூடியும், அடியில் புகுந்து கிளப்பியும், நெரித்தும் கொன்றுவந்தது தெரிந்தது. ஆனால் பலானஸால் மேலே போக முடியாது, காய்ந்து சாகும். மேல் எல்லையை வெயிலும் கீழ் எல்லையை அயலவரும் போட்டிருந்தார்கள்.

நம் கரையில் இனங்கள் வேறு, வெயிலும் கொடியது, அந்த முடிவை அப்படியே ஒட்டக்கூடாது. ஆனால் கேள்விகளை இரவல் வாங்கலாம். மேல் எல்லையில் செத்தவை கூடுதலா? நிழல் விழும் வெடிப்பில் எல்லை மேலே ஏறுகிறதா? கீழ் எல்லையில் சிறியதன் ஓட்டின்மேல் பெரியது ஏறியிருக்கிறதா, துளை விழுந்த ஓடுகள் அதிகமா? அகற்றும் பரிசோதனை உங்களுக்கு வேண்டாம், இயற்கை ஏற்கனவே செய்து வைத்ததைத் தேடிப் பார்த்தால் போதும்.

படி 10: பாறையை விட்டும் தேடுங்கள்

கரையொதுங்கிய மரத்துண்டையும் மீன்வலை மிதவையையும் புரட்டுங்கள். தண்டு நீண்டு, நுனியில் நீலச்சாயல் வெள்ளை ஓட்டோடு கொத்தாகத் தொங்குவது லெப்பாஸ். அது பாறைக்கு வராது, நடுக்கடலில் மிதப்பவற்றிலேயே வாழும். கடலாமையின் முதுகில் ஒட்டும் செலோனிபியா, திமிங்கலத்தின் துடுப்பு நுனியில் தொங்கும் செனோபலானஸ், பவளத்துக்குள்ளேயே புதைந்து வாழும் வகைகள் என்று குடும்பம் பெரியது. மோசமான உறவினர் சக்குலினா. அதற்கு ஓடும் இல்லை, இறகுக் காலும் இல்லை. நண்டுக்குள் வேர்விட்டுப் பரவி, நண்டை மலடாக்கி, சக்குலினாவின் முட்டைப்பையை நண்டு தன் சொந்த முட்டைபோலப் பராமரிக்க வைக்கும். ஆண் நண்டும் இதற்குத் தப்பாது.

மீன் இறங்குதுறையில் ஒரு படகு கரையேற்றியிருந்தால், சுரண்டுகிற ஆட்களிடம் பேச்சுக் கொடுங்கள். படகின் அடியில் கொட்டலசு படிந்தால் ஓட்டம் குறையும், எண்ணெய் கூடும். எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுரண்டுகிறார்கள், எந்தப் பக்கம் கூடப் பிடிக்கிறது என்று கேளுங்கள், புத்தகத்தில் கிடைக்காத விடை வரும்.

படி 11: ஊர் திரும்பி

குறிப்பை அன்றிரவே சுத்தமாக எழுதுங்கள். பஸ்ஸில் எழுதலாம் என்று யாரும் ஏமாற வேண்டாம், பைலா விடாது. நிலைக்குத்து அச்சில் உயரம், கிடை அச்சில் சதுரத்துக்கான எண்ணிக்கை. வகைக்கு ஒரு நிறம் போட்டு, அலைப்பக்கம், மறைவுப்பக்கம் என்று இரண்டு வரைபு வரையுங்கள். கரையொதுங்கிய வெற்று ஓடுகளைப் பூங்காக்களுக்கு வெளியே மட்டும் பொறுக்கி, நன்னீரில் ஓரிரு நாள் ஊறவைத்துக் காயவைத்தால் வகுப்பறைக்கு ஆகும். உயிருள்ளதைப் போத்தலில் கொண்டுவந்தால் ஹட்டன் வருமுன் நாறும்.

அளந்த பாறையின் படத்தில், பக்கத்து அடையாளம் ஒன்று தெரியும்படி, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதி வையுங்கள். அடுத்த வருடத்துப் பிள்ளைகள் அதே இடத்தில் அதே சதுரத்தை வைக்க அது வேண்டும். அவர்களும் அதே பருவத்தில், அதே அளவு வற்றில் போகட்டும், இல்லாவிட்டால் இரண்டு வரைபையும் ஒப்பிட முடியாது.